கனடா மாமா தந்த ஹெட்செட்டா, கடையில் வாங்கும் ஹெட்செட்டா? வி.ஆர். வாங்குமுன் ஓர் ஒப்பீடு

ஓகஸ்ட் விடுமுறைக்கும் டிசெம்பருக்கும் கட்டுநாயக்கவில் வந்திறங்கும் சூட்கேசுகளில், சொக்லேட்டுக்கும் வாசனைத் திரவியத்துக்கும் நடுவே இப்போது, தலையில் மாட்டி மெய்நிகர் உலகுக்குள் போகும் ஒரு வி.ஆர். ஹெட்செட்டும் வருகிறது. ரொறொன்ரோவிலோ லண்டனிலோ பிள்ளைகள் விளையாடி அலுத்துப்போனதாக இருக்கும், அல்லது தள்ளுபடி விலையில் கிடைத்ததாக இருக்கும். அப்படித் தர ஆளில்லாதவர்கள் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மாடி மாடியாக ஏறி விலை கேட்கிறார்கள். படம் தெளிவாக இருக்குமா, தலை சுற்றுமா, பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பவைதான் எல்லோருடைய கேள்விகளும்.

அவற்றுக்கு விடை சொல்ல யூடியூப்பில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் ஒப்பிடப்போவது வேறு இரண்டு விடயங்களை. இந்தக் கருவி பிள்ளையைப் பற்றி எதையெல்லாம் அறிந்து யாரிடம் கொடுக்கிறது என்பது ஒன்று. உள்ளே போன பிள்ளையின் நேரத்தையும் பெற்றோரின் பணத்தையும் கறக்க என்னென்ன தந்திரங்கள் வைத்திருக்கிறார்கள் என்பது மற்றது. பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் பிள்ளைகள் இருக்கும் வீட்டை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

கொழும்பில் அப்படியொரு குடும்பத்துக்கு நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. உறவினர் தந்த ஹெட்செட்டை அவருடைய கணக்கோடு அப்படியே பாவிக்கலாம். பேஸ்புக்கை நடத்தும் மெட்டா கொம்பனியின் குவெஸ்ட் 3எஸ் போன்ற ஒன்றை வாங்கிச் சொந்தக் கணக்கில் இயக்கலாம். வீட்டில் பிளேஸ்டேஷன் 5 இருந்தால் அதற்குரிய பி.எஸ். வி.ஆர்.2 ஐச் சேர்த்துக்கொள்ளலாம். எதையும் வாங்காமல், கடைத்தொகுதிகளில் உள்ள விளையாட்டு நிலையங்களில் காசு கட்டி விளையாடலாம். இவற்றில் முதலாவதுதான் மோசமானது என்பது என் முடிவு. நான் பார்க்கும் வீடுகளில் அதிகம் நடப்பதும் அதுதான்.

எந்தப் பெட்டியை வாங்கினாலும் தப்பாதது

வி.ஆர். ஹெட்செட் வேலை செய்ய வேண்டுமென்றால், தலை எங்கே திரும்புகிறது, கைகள் எங்கே இருக்கின்றன என்பதை நொடிக்குப் பல பத்துத் தடவை அது அளந்துகொண்டே இருக்க வேண்டும். கைத்தொலைபேசியில் இருப்பிடத்தை மறைக்கலாம், கெமராவுக்கு அனுமதி மறுக்கலாம். தொலைபேசி தன் பாட்டில் ஓடும். இங்கே அசைவை மறைத்தால் காட்சியே இல்லை. 20 நிமிடம் வி.ஆரில் இருந்தால் உடலசைவு பற்றி ஏறத்தாழ 20 இலட்சம் பதிவுகள் எஞ்சுகின்றன என்று ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லென்சன் 2018 இல் கணக்குக் காட்டினார்.

அசைவில் என்ன இரகசியம் இருக்கிறது என்று கேட்கலாம். மின்வெட்டு நேரத்தில் தொடர்மாடிப் படிகளில் ஏறி வருவது யார் என்பதைச் செருப்புச் சத்தத்திலேயே வீட்டிலிருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்தத் திறமை இப்போது கணினிக்கும் வந்துவிட்டது. 2020 இல் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் 511 பேருக்கு வி.ஆரில் 360 பாகை வீடியோக்களைக் காட்டினார்கள். ஐந்து நிமிடத்துக்கும் குறைவான அசைவுத் தரவை வைத்தே அவர்களில் யார் எவர் என்று 95 சதவீதம் சரியாகக் கண்டுபிடிக்க முடிந்தது. 2023 இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் விவேக் நாயரும் சகாக்களும் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். வாளால் கட்டைகளை வெட்டும் 'பீட் சேபர்' விளையாட்டை ஆடிய 55,000 க்கும் மேற்பட்டோரின் பதிவுகள் அவர்களிடம் இருந்தன. 100 நொடி அசைவு கிடைத்தால், அத்தனை பேருக்குள்ளும் ஒருவரை 94 சதவீதம் சரியாகப் பிரித்தெடுத்தது அவர்களுடைய முறை. 10 நொடி மட்டும் கிடைத்தால் 73 சதவீதம். அந்தப் பதிவுகளை யாரும் திருடவுமில்லை. தங்கள் புள்ளிகளைக் காட்டுவதற்காக, விளையாடியவர்களே ஒரு தரவரிசைத் தளத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள்.

ஆகவே, பொய்ப் பெயரில் கணக்குத் திறந்துவிட்டோம், இனி யாருக்கும் தெரியாது என்ற நிம்மதி இங்கே செல்லாது.

பெர்க்லிக் குழுவின் இன்னோர் ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. பூட்டிய அறையிலிருந்து புதிர்களை விடுவித்துத் தப்பிக்கும் விளையாட்டொன்றை அவர்களே உருவாக்கி 30 பேரை விளையாடவிட்டார்கள். பார்வைக்குச் சாதாரண விளையாட்டு. ஆனால் ஒவ்வொரு புதிரும் ஒரு பரிசோதனை. சுவரிலிருக்கும் நிறங்களுக்குள் ஒளிந்த சொல்லை வாசிக்கத் திணறினால் நிறக்குருடு இருப்பது தெரியவரும். குந்தி எழும்ப வைக்கும் புதிர் உடற்தகுதியைக் காட்டிக்கொடுக்கும். நினைவாற்றல், எந்த மொழி வாசிக்கத் தெரியும், எவ்வளவு விரைவாகக் கை நீட்டுகிறார் என்பவற்றுக்கெல்லாம் தனித்தனிப் புதிர்கள். உயரமும் கை நீளமும் அறையின் அளவும் கேட்காமலே கிடைத்தன. சில நிமிடங்களில் 25 க்கும் மேற்பட்ட விவரங்கள். விளையாடியவர்கள் எந்தப் படிவத்தையும் நிரப்பவில்லை.

தனியுரிமையையும் தந்திர வடிவமைப்பையும் தனித்தனியாக வைத்துப் பார்க்கும் வழக்கம் வி.ஆரில் உதவாது என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது. பிள்ளையின் வாயைக் கிளறுவதும் அதன் கையைப் பிடித்து இழுப்பதும் ஒரே வடிவமைப்பாளரின் வேலை.

கண்ணாடி முன் நின்ற தொப்பி

பாவிப்பவரை ஏமாற்றிச் சம்மதம் வாங்கும் திரை வடிவமைப்புகளுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று 2010 இல் பெயர் வைத்தவர் ஹரி பிரிக்னல் என்ற பிரித்தானியர். 'வேண்டாம்' என்பதை மங்கலான சிறு எழுத்தில் போடுவது, சந்தாவில் சேர ஒரு பொத்தானும் விலகப் பத்துப் பக்கங்களும் வைப்பது போன்றவை இந்த வகை. தொலைபேசியில் இவற்றுக்கெல்லாம் பழகிவிட்டோம். எரிச்சல் வந்தால் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். ஹெட்செட்டுக்குள் திரைக்கு விளிம்பே இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும், வடிவமைத்தவர் வைத்த பொருள்தான் நிற்கும்.

வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் பன்னிரண்டு வயதுப் பையன் விளையாடியபோது, அவன் பார்ப்பதைத் தொலைபேசியில் ஓடவிட்டு நானும் பார்த்தேன். குரங்குகளாக மாறி ஓடிப்பிடிக்கும் ஓர் இலவச விளையாட்டு. கால் கிடையாது, கைகளால் தரையைத் தள்ளித் தள்ளித்தான் போக வேண்டும். பையன் அப்படித் தள்ளிக்கொண்டே ஒரு கடைக்குள் போனான். கடை என்றால் பட்டியல் அல்ல, சுற்றிப் பார்க்கக்கூடிய உண்மையான கடை போன்ற இடம். தாங்கியில் இருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக் கண்ணாடி முன் நின்றான். தலையை இடப்பக்கம் சாய்த்தான். கண்ணாடியில் குரங்கும் சாய்ந்தது. வலப்பக்கம் சாய்த்தான். பிறகு தாடையைத் தூக்கி, தொப்பியின் முன்பக்கம் தெரியும்படி சற்று நேரம் நின்றான். பக்கத்தில் இன்னொரு குரங்கு, குரலைக் கேட்டால் பத்து வயது இருக்கும், ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தது. பையன் ஹெட்செட்டைக் கழற்றாமலே, "மாமா, இது கொஞ்ச நாள்தான் இருக்கும், பிறகு எடுத்துவிடுவார்கள்" என்றான்.

ரூபாயைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. விலை எல்லாம் விளையாட்டுக் காசில். அந்தக் காசு நாளுக்குக் கொஞ்சம் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் நாள்தோறும் உள்ளே வந்தால்தான். அவசரப்பட்டால் கார்டில் வாங்கலாம். தொலைபேசியிலும் இதே வியாபாரம் நடக்கிறது என்பது உண்மைதான். ஆனால் தன் தலையில் தன் கையால் வைத்துத் தன் கண்ணால் பார்த்த தொப்பியைத் திருப்பித் தாங்கியில் வைப்பது, படத்தை விரலால் தள்ளிவிடுவதைவிட எவ்வளவு கடினம் என்பதைப் பையனின் முகம் தெரியாவிட்டாலும் அவன் தோள்களே சொல்லின.

இதெல்லாம் சின்ன விடயம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. 'போர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம் 2022 டிசெம்பரில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவுக்கு 52 கோடி டொலர் கட்டச் சம்மதித்தது. அதில் 27.5 கோடி, சிறுவர் தனியுரிமைச் சட்டத்தை மீறியதற்காக. மீதி 24.5 கோடி, குழப்பமான பொத்தான்களால் பிள்ளைகள் அறியாமலே பணம் செலவாகச் செய்ததற்காக. அது தட்டைத் திரையில் ஓடும் விளையாட்டு.

மாமாவின் கணக்கு

இனி முதல் வழி. மாமா ஹெட்செட்டைக் கொண்டு வருகிறார், விருந்தறையில் எல்லோருக்கும் ஒரு தடவை மாட்டிக் காட்டுகிறார், கணக்கை அப்படியே விட்டுவிட்டு விமானம் ஏறுகிறார். விளையாட்டுகள் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன, ஒன்றும் செய்யத் தேவையில்லை. வசதிதான்.

ஆனால் மெட்டாவின் கண்ணில் இப்போது விளையாடுவது 45 வயதுள்ள ஒரு கனேடியர். சிறுவர் கணக்குகளுக்கு உள்ள தடைகள் எதுவும் அவருக்குக் கிடையாது. முன்பின் தெரியாதவர்களுடன் குரலில் பேசலாம், வயது வந்தோருக்கான செயலிகளை இறக்கலாம், தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொள்ளலாம். மாமாவின் கார்ட் கணக்கில் இருந்தால், வாங்குவதற்கு இரகசிய இலக்கம் போடாத வரை தொப்பிக்குப் பணம் ரொறொன்ரோவிலிருந்து போகும். அந்தச் சங்கடம் உறவுக்குள் எப்படி முடியும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மாமாவின் நண்பர்களும் அவர்களுடைய செய்திகளும் பிள்ளைக்குத் தெரியும். பிள்ளை எதை, எப்போது விளையாடுகிறான் என்பது மாமாவின் தொலைபேசிச் செயலிக்குத் தெரியும். பிள்ளையின் உயரம், கை நீளம், வீட்டுக் கூடத்தின் வரைபடம் எல்லாம் வேறொருவரின் பெயரில் சேர்கின்றன. அவற்றைப் பார்க்கவோ அழிக்கவோ கேட்கும் உரிமை கணக்குக்காரருக்குத்தான், பிள்ளையின் தாய்க்கு இல்லை.

அப்படியானால் கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமே என்றால், அங்கேதான் எல்லோரும் தயங்குகிறார்கள். வாங்கிய விளையாட்டுகள் கணக்கோடு ஒட்டியவை. கணக்கு போனால் அவையும் போகும். மாமாவின் மனமும் நோகும். ஒரு கருவியில் பல கணக்குகளை வைத்து, தலைமைக் கணக்கின் விளையாட்டுகளை மற்றவற்றோடு பகிரும் வசதி குவெஸ்டில் இருக்கிறது. அது நடுவழிதான், கருவியின் அதிகாரம் அப்போதும் ரொறொன்ரோவில் இருக்கும். நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். மாமா ஊரில் நிற்கும்போதே, அவர் கையாலேயே தன் கணக்கிலிருந்து கருவியை நீக்கச் செய்து, பின் பவர் பொத்தானையும் சத்தம் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்து வரும் பட்டியலில் தொழிற்சாலை நிலைக்கு மீட்டுக்கொள்ளுங்கள். நான்கைந்து விளையாட்டுகள் போனால் போகட்டும்.

குவெஸ்ட், சொந்தக் கணக்கில்

மெட்டாவின் கதையைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. பேஸ்புக் 2014 இல், வி.ஆர். ஹெட்செட் செய்துவந்த ஒக்யூலஸ் நிறுவனத்தை ஏறத்தாழ 200 கோடி டொலருக்கு வாங்கியது. 2020 ஒக்டோபரிலிருந்து புதிதாகச் சேர்பவர்களுக்குப் பேஸ்புக் கணக்குக் கட்டாயம் என்றது. ஜேர்மனியின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பு இதை விசாரிக்கத் தொடங்கியது; குவெஸ்ட் 2 அந்த நாட்டில் நீண்டகாலம் விற்பனைக்கே வரவில்லை. 2022 ஓகஸ்டில் தனியான மெட்டா கணக்கு வந்த பிறகுதான் பேஸ்புக் கட்டாயம் நீங்கியது. ஓர் அரசு அழுத்தினால் கொம்பனி வளையும் என்பதற்கு இது சான்று. நம்முடைய நாடு அப்படி அழுத்தும் நிலையில் இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

விலையில் குவெஸ்ட் 3எஸ் ஐ மிஞ்ச ஆளில்லை. 2024 ஒக்டோபரில் வந்தபோது அமெரிக்காவில் 299 டொலர். டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தால் தொண்ணூறாயிரம். கொழும்பில் வரியும் இறக்குமதியாளரின் இலாபமும் மேலே ஏறும். மெட்டா நேரடியாக விற்கும் நாடுகளில் இலங்கை இல்லை, ஆகவே கடைக்காரர் எழுதிக் கொடுக்கும் உத்தரவாதம் கடைக்காரருடைய வார்த்தை மட்டுமே.

தனியுரிமைப் பக்கத்தில் இதற்குச் சாதகமான விடயம், கண்ணைக் கண்காணிக்கும் கெமரா இல்லாதது. 2022 இல் 1,499 டொலருக்கு வந்த குவெஸ்ட் புரோவில் அது இருந்தது. குவெஸ்ட் 3 இலும் 3எஸ் இலும் இல்லை. எதை எவ்வளவு நேரம் பார்த்தான் என்பது ஆசையையும் பயத்தையும் காட்டிக்கொடுக்கும் விவரம். மலிவுக்காக அதை விட்டிருக்கிறார்கள், அந்த மலிவு நமக்கு இலாபம். ஆனால் வெளிப்பக்கக் கெமராக்கள் அறையைப் பார்க்கின்றன. அறையின் அமைப்பை அறிய விரும்பும் செயலி உங்களிடம் அனுமதி கேட்க வேண்டும். 2025 இலிருந்து கெமராக் காட்சியையே கேட்கும் செயலிகளும் கடைக்கு வந்துவிட்டன. வாளால் கட்டை வெட்டும் விளையாட்டுக்கு உங்கள் கூடத்தைப் பார்க்கத் தேவையில்லை. மறுத்துவிடுங்கள், விளையாட்டு ஓடும்.

2023 இல் மெட்டா குறைந்தபட்ச வயதை 13 இலிருந்து 10 ஆகக் குறைத்தது. 10 முதல் 12 வயதுக்குப் பெற்றோர் நிர்வகிக்கும் கணக்கு வேண்டும். செயலி இறக்கப் பெற்றோர் அனுமதிக்க வேண்டும், நேர வரம்பு வைக்கலாம். இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஒழுங்காக அமைத்தால் மாமாவின் கணக்கைவிட எவ்வளவோ மேல். என்றாலும் முழுமையாக நம்பவும் மாட்டேன். 2025 செப்டெம்பரில் மெட்டாவின் முன்னாள் ஆய்வாளர்கள் இருவர் அமெரிக்க செனட் உபகுழுவின் முன் சாட்சியமளித்தபோது, வி.ஆரில் சிறுவர்களுக்கு நேரும் தீங்குகள் பற்றிய ஆய்வுகளை நிறுவனம் அடக்கியது என்றார்கள். மெட்டா அதை மறுத்தது.

தந்திரங்களைப் பொறுத்தவரை, குவெஸ்டில் இரண்டு அடுக்கு. மேலடுக்கு மெட்டாவினுடையது. புதுக் கருவியோடு ஹொரைசன் பிளஸ் என்ற சந்தா சில மாதங்கள் இலவசமாக வரும். கார்டைக் கொடுத்துச் சேர்ந்தால், தவணை முடிந்ததும் தானாகவே மாதம் 7.99 டொலர் போகத் தொடங்கும். சந்தாவில் எடுத்த விளையாட்டுகள் சந்தா நின்றால் பூட்டிக்கொள்ளும். பிள்ளை அழுவான், நீங்கள் தொடர்வீர்கள், கணக்கு அவ்வளவுதான். அமைக்கும்போதே மேலதிகத் தரவைப் பகிரச் சம்மதமா என்று ஒரு திரை வரும். வேண்டாம் என்று சொன்னால் எதுவும் கெட்டுப்போகாது. 2021 ஜூனில் ஒரு விளையாட்டுக்குள் விளம்பரம் போட்டுப் பார்க்க முயன்றார்கள். பாவனையாளர் கொதித்ததால் 'பிளாஸ்டன்' என்ற அந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் சில நாட்களிலேயே விலகினார்கள். விளம்பரத்தில் வாழும் கொம்பனி அந்த ஆசையை ஒரேயடியாகக் கைவிட்டுவிடும் என்று நான் எண்ணவில்லை.

கீழடுக்கு செயலிகளுடையது. அதுதான் கண்ணுக்குத் தெரியாதது. கலிபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒக்யூலஸ் செயலிகள் 140 இலிருந்து வெளியே போகும் தரவை இடைமறித்துப் பார்த்து 2022 இல் வெளியிட்டார்கள். அப்படிப் போன தரவில் ஏறத்தாழ 70 சதவீதம் அவற்றின் தனியுரிமைக் கொள்கையில் ஒழுங்காகச் சொல்லப்படவே இல்லை. எனவே குவெஸ்ட் நல்லதா கூடாததா என்று கேட்பதைவிட, அதில் எந்த ஐந்து செயலிகளை வைக்கப்போகிறீர்கள் என்று கேட்பதே பயனுள்ளது. ஒரு தடவை காசு கொடுத்து வாங்கி, தனியாக விளையாடும் வகை நல்லது. இலவசம், பலர் சேர்ந்து விளையாடுவது, உள்ளே கடை இருப்பது என்ற மூன்றும் சேர்ந்தால் தவிர்ப்பேன்.

பிளேஸ்டேஷன் பக்கம்

பி.எஸ். வி.ஆர்.2 2023 பெப்ரவரியில் 549.99 டொலருக்கு வந்து, 2025 மார்ச்சில் 399.99 க்கு இறங்கியது. பிளேஸ்டேஷன் 5 இல்லாமல் அதில் விளையாட வேண்டுமானால் தனி அடப்டரும் வலுவான கணினியும் வேண்டும்; அந்தச் செலவுக்கு அர்த்தமில்லை. 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு உரியதல்ல என்று சோனியே சொல்லிவிட்டது.

இதில் ஒரு முரண். கண்ணைக் கண்காணிக்கும் கெமரா இதில்தான் இருக்கிறது. பார்க்கும் இடத்தை மட்டும் கூர்மையாகக் காட்டி மற்றதை மங்கலாக விடுவதற்கு அது உதவுகிறது. அளப்பதில் குவெஸ்ட் 3எஸ் ஐவிட இது அந்தரங்கமானது. இருந்தும் என் தராசு இதன் பக்கமே சாய்கிறது. மெட்டாவின் வருமானம் பெரும்பாலும் விளம்பரத்திலிருந்து வருவது. சோனியின் விளையாட்டுப் பிரிவு கருவி, விளையாட்டு, சந்தா ஆகியவற்றை விற்றுப் பிழைக்கிறது. அதனால் சோனி யோக்கியன் என்று ஆகிவிடாது. பிள்ளையின் கண் எங்கே போனது என்பதை வைத்துக் காசாக்க அதற்கு அவ்வளவு அவசரம் இல்லை, அவ்வளவுதான். ஹெட்செட் கம்பியில் கட்டப்பட்டிருப்பதும் பெற்றோருக்கு வசதி. விளையாட்டு தொலைக்காட்சியிலும் தெரியும். படுக்கையறைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. குடும்பக் கணக்கில் பிள்ளையின் மாதச் செலவுக்கு வரம்பு போடலாம், பூச்சியமும் போடலாம்.

சிக்கல் வேறொன்று. கணக்குத் திறந்து இணையத்தில் விளையாட்டுகளை வாங்கி ஆட உதவும் பிளேஸ்டேஷன் நெட்வேர்க் சேவை இலங்கையில் அதிகாரபூர்வமாக இல்லை. 2024 மே மாதம் 'ஹெல்டைவர்ஸ் 2' விளையாட்டைக் கணினியில் ஆடுபவர்களுக்கும் அந்தக் கணக்கு கட்டாயம் என்று சோனி அறிவித்து, எதிர்ப்பு வலுத்ததும் பின்வாங்கியது. அப்போதுதான் இப்படி விடுபட்ட நாடுகள் நூற்றுக்கு மேல் இருப்பது உலகத்துக்கு உறைத்தது. கொழும்பில் பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்கள் சிங்கப்பூர் என்றோ அமெரிக்கா என்றோ போட்டுக் கணக்குத் திறக்கிறார்கள். பிள்ளைக்கு முதல் கணக்கு திறக்கும்போதே ஒரு பொய். நாளை பணம் தவறாகப் போனால், இல்லாத சிங்கப்பூர் முகவரியை வைத்துக்கொண்டு யாரிடம் முறையிடுவது?

நம் நாட்டுச் சட்டம் கைகொடுக்குமா என்றால், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒருவரை அடையாளம் காட்டும் உடலளவுத் தரவுக்கு அது தனிக் கவனம் தருகிறது. 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. ஹெட்செட் வாங்கும் தீர்மானத்தில் அதை நம்பி ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்க மாட்டேன்.

வாங்காமல் விளையாடுவது

டிக்டொக்கின் சொந்தக்காரரான பைட்டான்ஸ் 2021 இல் வாங்கிய பைகோ கொம்பனியின் ஹெட்செட், விலையால் மட்டுமே கவரும். ஒரு விளம்பரக் கொம்பனியிடமிருந்து தப்பி டிக்டொக் சொந்தக்காரரிடம் போவது தப்பிப்பதே அல்ல. அப்பிளின் விஷன் புரோ ஹெட்செட் 3,499 டொலர். கண் எங்கே பார்க்கிறது என்பதைச் செயலிகளுக்குச் சொல்லாத ஒழுங்கான வடிவமைப்பு அது. அதிலும்கூட, வீடியோ அழைப்பில் தெரியும் உருவத்தின் கண்ணசைவை வைத்தே தட்டச்சு செய்ததை ஊகிக்க முடியும் என்று 2024 இல் ஆய்வாளர்கள் காட்ட, அப்பிள் திருத்தியது. இந்த விலைக்குப் பிள்ளைக்கு வாங்குபவர்கள் என் கட்டுரையை வாசிக்கத் தேவையில்லை. தொலைபேசியைச் செருகும் மலிவுப் பெட்டிகளில் தலை திரும்புவது மட்டும்தான் பதிவாகும். 360 பாகை வீடியோ பார்க்கப் போதும், அதற்குமேல் வேண்டாம்.

விளையாட்டு நிலையத்தைப் பலரும் தரம் குறைந்ததாக நினைக்கிறார்கள். தனியுரிமையை மட்டும் பார்த்தால் அதுவே முதலிடம். கணக்கு கடையினுடையது. உங்கள் பிள்ளைக்கு முன்னும் பின்னும் அதே கணக்கில் பத்துப்பேர் விளையாடுகிறார்கள். அசைவைப் பிரித்தெடுக்க முடிந்தாலும், அதோடு ஒட்ட ஒரு பெயரோ கார்டோ அங்கே இல்லை. நாள்தோறும் வரச் சொல்லி இழுக்கும் இலவசக் காசும் அங்கே வேலை செய்யாது. நேரம் முடிந்ததும் ஊழியர் வந்து தோளில் தட்டுவார். ஹெட்செட்டுக்குள் எந்தக் கொம்பனியும் வைக்காத சிறந்த நேர வரம்பு அந்தத் தட்டுத்தான்.

கசிவு அங்கே ஹெட்செட்டில் இல்லை, கவுண்டரில். பொறுப்புத் துறப்புப் படிவத்தில் பெயர், தொலைபேசி இலக்கம், சில இடங்களில் அடையாள அட்டை இலக்கமும் கேட்பார்கள். விளையாடும் பிள்ளையைப் படமெடுத்துக் கடையின் பேஸ்புக் பக்கத்தில் போடுவார்கள். விபத்து நேர்ந்தால் அழைக்க ஓர் இலக்கம் போதும். அடையாள அட்டை இலக்கத்தை எழுதாமல் விடுங்கள், படம் போட வேண்டாம் என்று படிவத்திலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். முகத்தில் படும் பஞ்சைத் துடைத்தார்களா என்று பார்ப்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே, பிள்ளை இன்னும் ஆவலில்தான் இருக்கிறான், இது நிலைக்குமா என்று தெரியவில்லை என்றால் முதலில் விளையாட்டு நிலையம். வீட்டில் பிளேஸ்டேஷன் 5 இருந்து, பிள்ளை 12 ஐத் தாண்டியிருந்தால் வி.ஆர்.2, அந்நிய நாட்டுக் கணக்கில் கார்டை வைக்காமல், பரிசு அட்டையால் மட்டும் பணம் ஏற்றுவது என்ற நிபந்தனையோடு. பிளேஸ்டேஷன் இல்லை, வாங்கியே தீர வேண்டும் என்றால் குவெஸ்ட் 3எஸ், பிள்ளையின் உண்மையான வயதில், தாயோ தந்தையோ நிர்வகிக்கும் கணக்கில். மாமாவின் ஹெட்செட் வந்தாலும் இதே மாதிரித்தான், துடைத்துவிட்டு.

குவெஸ்ட் என்று முடிவெடுத்தால், யூனிட்டி பிளாசாவிலோ வேறெங்கோ, கடையில் வைத்தே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் தொலைபேசியின் இணையத்தில் கணக்கைத் திறந்து, பெற்றோர் கண்காணிப்பு அமைகிறதா, நீங்கள் விரும்பும் விளையாட்டு இலங்கையிலிருந்து இறங்குகிறதா என்று பாருங்கள். 'நான் வீட்டுக்கு வந்து என் கணக்கிலேயே எல்லாம் போட்டுத் தருகிறேன்' என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள். பாவித்த கருவியென்றால் முந்தைய சொந்தக்காரரின் கணக்கு நீங்கியதைக் கண்ணால் கண்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.